பதில் சொல்லாத சரிவு

சுவிட்சர்லாந்தின் டாவோஸ் நகரைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்கு ஒன்றில் பிப்ரவரி மாதக் காலை. 36 பாகை சாய்ந்த, பனி படர்ந்த ஒரு சரிவில் ஐந்து பேர் ஸ்கீயில் வரிசையாக இறங்குகிறார்கள். மகிழ்ச்சியோடு வீடு திரும்புகிறார்கள். அதே சரிவின் விளிம்பில் இன்னொரு குழு சற்று நேரம் நின்று பேசுகிறது. பிறகு சாய்வு குறைந்த பக்கமாகச் சுற்றிக்கொண்டு இறங்குகிறது. அவர்களும் நலமாக வீடு போய்ச் சேர்கிறார்கள். இரண்டில் எந்தக் குழு எடுத்த முடிவு சரி?

அந்தச் சரிவு இதற்குப் பதில் சொல்லாது. முதல் குழு இறங்கியபோது பனி உறுதியாக இருந்திருக்கலாம். பனிக்குள் ஒரு நலிந்த அடுக்கு காத்திருந்து, அவர்களுடைய ஸ்கீ அதன் பலவீனமான இடத்தைத் தொடாமல் போயிருக்கலாம். இரண்டில் எது நடந்திருந்தாலும் அவர்கள் கண்ட காட்சி ஒன்றுதான்.

சைக்கிள் பழகும்போது சமநிலை தவறினால் அடுத்த நொடியே விழுகிறோம். தவறும் அதன் விளைவும் அடுத்தடுத்து வருவதால் உடல் விரைவில் கற்றுக்கொள்கிறது. பனிமலையில் அப்படி இல்லை. உறுதியற்ற சரிவிலும் பெரும்பாலான நேரம் ஒன்றும் நடப்பதில்லை. தவறான முடிவெடுத்தவருக்கு இனிய அனுபவம் பரிசாகக் கிடைக்கிறது. அடுத்த முறை அதே முடிவை இன்னும் துணிச்சலாக எடுக்கிறார். அனுபவமே தவறான பாடத்தைக் கற்பிக்கும் இத்தகைய சூழல்களை உளவியலாளர் ராபின் ஹோகார்த் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். உளவியலாளர்களான டேனியல் கானமனும் கேரி கிளைனும் 2009-இல் சேர்ந்து எழுதிய கட்டுரை இதை இன்னும் கூர்மையாக்கியது. ஒருவரின் உள்ளுணர்வை நம்பலாமா என்பதற்கு அவருடைய தன்னம்பிக்கை அளவுகோல் ஆகாது. சூழலில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். அந்த ஒழுங்கைக் கற்றுக்கொள்ளும் அளவுக்குத் தெளிவான பின்னூட்டம் அவருக்குத் தொடர்ந்து கிடைத்திருக்கவும் வேண்டும்.

சறுக்கு மையங்களில் லிஃப்ட் இருக்கிறது, சமன்படுத்திய பாதை இருக்கிறது, அபாயமான சரிவுகளை வெடி வைத்து முன்கூட்டியே சரியவிடும் பணியாளர்கள் இருக்கிறார்கள். இவை எதுவும் இல்லாத மலையில் சொந்தக் காலால் ஏறிச் சறுக்கி இறங்குவதைத் திறந்தமலைச் சறுக்கு என்று இந்த அத்தியாயத்தில் அழைப்போம். பின்னூட்டம் தராத இந்த மலையில் ஒருவர் எப்படிக் கற்றுக்கொள்ள முடியும்? மலை வழிகாட்டியின் தொழில் முழுக்க இந்தக் கேள்வியைச் சுற்றியே வளர்ந்திருக்கிறது. அதற்குப் பின்னால் பனி இயற்பியலும், காந்தப்புலமும், மனித மனத்தைப் பற்றிய ஆய்வும் இருக்கின்றன.

ஏற வைக்கும் உராய்வு

வழிகாட்டியிடம் பயிலும் முதல் நாளின் பெரும்பகுதி ஏற்றத்திலேயே கழியும். வழுக்குவதற்கென்றே செய்த பலகையைக் கட்டிக்கொண்டு சரிவில் மேலே நடப்பது எப்படி? ஸ்கீயின் அடியில் ஒட்டும் ரோமப்பட்டைதான் விடை. ஒரு காலத்தில் கடல்நாய்த் தோலில் செய்யப்பட்டதால் இன்றும் அதை ‘ஸ்கின்’ என்றே சொல்கிறார்கள். இப்போது அங்கோரா ஆட்டின் மோஹேர் ரோமத்திலோ நைலானிலோ நெய்கிறார்கள். அதன் மயிரிழைகள் எல்லாம் பின்பக்கம் நோக்கிச் சாய்ந்திருக்கும். முன்னே தள்ளினால் இழைகள் படிந்து வழுக்கும். பின்னே இழுத்தால் நிமிர்ந்து பனியைப் பற்றிக்கொள்ளும். ஒரே பரப்பு, இரு திசைகளில் இரு வேறு உராய்வு.

அடுத்தது குதிகால். ஏறும்போது அது விடுபட்டிருக்க வேண்டும். இறங்கும்போது பூட்டப்பட்டிருக்க வேண்டும். ஆஸ்திரியரான ஃபிரிட்ஸ் பார்டெல் 1980-களில் வடிவமைத்த எடை குறைந்த பிணைப்பு, காலணி முனையை இரு சிறு ஊசிகளால் பிடித்து இதைச் சாதித்தது. இன்றைய பிணைப்புகளில் பெரும்பாலானவை அதன் வழிவந்தவை. ஸ்னோபோர்டுக்காரர்கள் நெடுங்காலம் பலகையை முதுகில் சுமந்துகொண்டு ஏறினார்கள். நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து ஸ்கீயாக மாட்டிக்கொள்ளவும், உச்சியில் மீண்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளவும் கூடிய ஸ்பிளிட்போர்டு 1990-களில் சந்தைக்கு வந்த பிறகு அவர்களும் அதே தடத்தில் நடக்கிறார்கள்.

ஏற்றத்தில் வழிகாட்டி மாணவரை மெதுவாக நடக்கச் சொல்வார், மூச்சுக்காக மட்டுமல்ல. மெதுவாக நடப்பவருக்குத்தான் காற்று எந்தப் பக்கமிருந்து பனியை வாரிக்கொண்டு வந்திருக்கிறது, நேற்றைய வெயில் எந்தச் சரிவில் பொருக்குத் தட்ட வைத்திருக்கிறது, எதிர் மலையில் புதிதாகச் சரிந்த தடம் உண்டா என்பதெல்லாம் கண்ணில் படும். பனியை வாசிப்பது ஏறும்போதே தொடங்கிவிடுகிறது.

தரைக்கும் வானுக்கும் நடுவே

மேலிருந்து பார்த்தால் பனி ஒரே வெண்பரப்பு. உள்ளே அது அந்தக் குளிர்காலத்தின் வானிலைப் பதிவேடு. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்கு. விழுந்த பிறகும் எந்த அடுக்கும் சும்மா கிடப்பதில்லை. டாவோஸுக்கு மேலே வைஸ்ஃப்ளூயோக் என்னுமிடத்தில் 1936-இல் ஒரு சிறிய குழு பனியை ஆய்வு செய்யத் தொடங்கியது. படிகவியலும் மண் இயக்கவியலும் படித்தவர்கள் சேர்ந்து பனியின் உருமாற்றத்தைப் பற்றி 1939-இல் வெளியிட்ட நூல் இந்தத் துறைக்கே அடித்தளமானது. ஏறக்குறைய அதே காலத்தில் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் உகிச்சிரோ நாகாயா, 1936-இல், ஆய்வகத்திலேயே பனிப்படிகத்தை வளர்த்துக் காட்டினார். வெப்பமும் ஈரப்பதமும் மாறினால் படிகத்தின் வடிவமும் மாறும் என்பது அவருடைய சோதனைகளில் உறுதியானது.

தரையில் கிடக்கும் பனிக்கும் இந்த விதி பொருந்தும். தடித்த பனிப்போர்வையின் அடிப்பகுதி, மண்ணின் வெப்பத்தால், பெரும்பாலும் 0 டிகிரிக்கு அருகிலேயே இருக்கும். மேற்பரப்போ தெளிந்த இரவில் −15 டிகிரிக்கோ அதற்கும் கீழோ போகும். பனி 2 மீட்டர் ஆழம் இருந்தால் ஒரு மீட்டருக்கு ஏழரை டிகிரி வேறுபாடு. பனி அரை மீட்டர் மட்டுமே இருந்தால் அதே வேறுபாடு ஒரு மீட்டருக்கு 30 டிகிரி என்ற கணக்காகிவிடும். இந்தச் செங்குத்தான வெப்பச் சரிவுதான் பனியின் விதியைத் தீர்மானிக்கிறது.

வெப்பநிலை வேறுபாடு மீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரிக்குக் குறைவாக இருந்தால் படிகங்களின் கூர்முனைகள் மழுங்கும். மணிகள் உருண்டையாகி, ஒன்றோடொன்று ஒட்டிப் பாலம் கட்டிக்கொள்ளும். பனி இறுகும். அதைவிட அதிகமானால் கதை வேறு. கீழே உள்ள வெதுவெதுப்பான மணிகளிலிருந்து நீராவி கிளம்பி, மேலே உள்ள குளிர்ந்த மணிகளின் அடியில் படிகிறது. தட்டையான முகங்களும் கூர்மையான விளிம்புகளும் கொண்ட பெரிய படிகங்கள் வளர்கின்றன. அவற்றிடையே பிணைப்பு மிகக் குறைவு. கையில் அள்ளினால் பொலபொலவென்று உதிரும். ஸ்கீ ஓட்டுபவர்கள் இதைச் சர்க்கரைப் பனி என்கிறார்கள்.

புதிதாக வருபவருக்கு இது வியப்பாக இருக்கும். பனி குறைந்த குளிர்காலம் பாதுகாப்பானது என்றுதான் யாரும் நினைப்பார்கள். மேலே நாம் போட்ட கணக்கோ, மெல்லிய பனிதான் தனக்குள் பலவீனத்தை விரைவாக வளர்த்துக்கொள்ளும் என்கிறது. கடலை விட்டு உள்ளே தள்ளி, வறண்டு குளிர்ந்திருக்கும் டாவோஸ் போன்ற வட்டாரங்களில் டிசம்பரின் சன்னப் பனி சர்க்கரையாகிக் கிடக்கும். ஜனவரியில் பெரும்பனி அதன் மேல் வந்து அமர்ந்தால், அந்தப் பழைய அடுக்கு வாரக்கணக்கில் ஆபத்தாக நீடிக்கும்.

நலிந்த அடுக்கு மேற்பரப்பிலும் பிறக்கும். காற்றில்லாத தெளிந்த இரவில் பனியின் மேல் இறகு போன்ற வெண்படிகங்கள் முளைக்கும். காலை வெயிலில் அவை மின்னும் அழகைப் பார்த்து மாணவர்கள் நின்றுவிடுவார்கள். அவை புதைவதற்குள் காற்றோ வெயிலோ அழித்துவிட்டால் நல்லது. அப்படியே புதுப்பனி மூடிவிட்டால், சில மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்தப் படலம் பிற்பாடு உயிரைக் குடிக்கக்கூடும்.

பலகை உடையும் நேரம்

மக்களைக் கொல்லும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை ஒரு புள்ளியில் தொடங்கிப் பெருகுபவை அல்ல. ஒட்டுறவுள்ள ஒரு பனிப்பலகை, அடியிலுள்ள நலிந்த அடுக்கு முறிந்ததும், ஒரே வீச்சில் கழன்று வருகிறது. இதற்கு நான்கு பொருட்கள் தேவை: மேலே பலகை, கீழே நலிந்த அடுக்கு, போதிய சாய்வு, ஒரு தூண்டல். அந்தத் தூண்டல் பெரும்பாலும் மனிதர்தான். உயிரிழப்பில் முடிந்த பொழுதுபோக்கு விபத்துகளில் சுமார் 90 விழுக்காட்டில், சிக்கியவரோ அவருடைய குழுவினரோதான் பனிச்சரிவைக் கிளப்பியிருக்கிறார்கள்.

எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஆயிரக்கணக்கான டன் பனியை எப்படி அசைக்கிறார்? வழுக்குவதை மட்டும் வைத்து விளக்கும் பழைய கோட்பாடு ஓரிடத்தில் தடுமாறியது: தட்டையான இடத்தில் நடக்கும்போதே சிலர் தொலைவில் பனிச்சரிவைக் கிளப்பிவிடுகிறார்கள். தட்டையான இடத்தில் வழுக்கு விசை ஏது? ஹையர்லி, கும்ப்ஷ், சைசர் ஆகியோர் 2008-இல் ‘சயின்ஸ்’ இதழில் தந்த விளக்கம், நலிந்த அடுக்கு நசுங்கி உட்காருகிறது என்பதைக் கணக்கில் எடுத்தது. சர்க்கரைப் பனியில் பெரும்பகுதி வெற்றிடம். ஓரிடத்தில் அது நொறுங்கினால் மேலுள்ள பலகை சில மில்லிமீட்டர் கீழே அமர்கிறது. அமரும் பலகை வளைந்து பக்கத்துப் பகுதியையும் நொறுக்குகிறது. நொறுங்கல் அலைபோலப் பரவுகிறது. தட்டையான பனியில் ‘வும்ஃப்’ என்று ஓர் ஆழ்ந்த ஒலி கேட்டால் நிகழ்ந்தது இதுவே. இதே நொறுங்கல் செங்குத்தான இடத்தை எட்டினால் பலகை கழன்றுவிடும்.

இந்த இயக்கத்தைக் கணினியில் உருவாக்க உதவிய கணித முறைக்கு எதிர்பாராத ஒரு பூர்வீகம் உண்டு. 2013-இல் வெளியான டிஸ்னியின் ‘ஃப்ரோசன்’ படத்தில் பனியை அசைத்துக் காட்டக் கலிபோர்னியக் கணிதவியலாளர்கள் மேம்படுத்திய முறை அது. பனி ஆய்வாளர் யோஹான் கோம் அந்தக் கணிதவியலாளர்களோடு சேர்ந்து 2018-இல் அதே முறையால் பனிப்பலகையின் முறிவைக் கணித்துக் காட்டினார். 2022-இல் அவருடைய குழு இன்னொரு முடிவை வெளியிட்டது: போதிய சாய்வுள்ள சரிவில் முறிவு நொடிக்கு 100 மீட்டருக்கும் மேலான வேகத்தை எட்டும். சரிவின் நடுவே நிற்பவர் தன் காலடியில் முறிவைக் கேட்டுச் சுதாரிப்பதற்குள், அது சரிவு முழுக்கப் பரவி முடிந்திருக்கும். ‘சரிந்தால் வேகமாக ஓரமாகப் போய்விடுவேன்’ என்ற திட்டத்துக்கு இயற்பியல் இடம் தருவதில்லை.

குழியின் வரம்பு

பயிற்சியில் எல்லாரும் ஆவலோடு காத்திருக்கும் பாடம் பனிக்குழி. வழிகாட்டி பாதுகாப்பான ஓரிடத்தில் செங்குத்தாகப் பனியை வெட்டுவார். விரலால் அழுத்தி அடுக்குகளின் கடினத்தைப் பார்ப்பார்: மூடிய கைமுட்டியே நுழையும் அடுக்கு, ஒரு விரல் நுழையும் அடுக்கு, பென்சில் மட்டும் நுழையும் அடுக்கு. உருப்பெருக்கியில் படிகங்களைக் காட்டுவார். பிறகு 90 சென்டிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள ஒரு பனித்தூணைத் தனித்து வெட்டி, அதன் ஒரு முனையில் பனி தோண்டும் ஷவலை வைத்து அதன்மேல் கையால் தட்டுவார்: மணிக்கட்டை அசைத்துப் பத்து முறை, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. சைமன்ஹாய்ஸ், பர்க்லேண்ட் இருவரும் 2006-இல் அறிமுகப்படுத்திய சோதனை இது. முறிவு தட்டிய இடத்தோடு நின்றுவிடுகிறதா, தூண் முழுக்க ஓடுகிறதா என்பதே கேள்வி. முழுக்க ஓடினால் அந்தப் பனிக்கு முறிவைக் கடத்தும் குணம் உண்டு.

தூணின் மேற்பகுதி ஒரே துண்டாக நழுவி வருவதைக் கண்ட மாணவருக்கு, ஏட்டில் படித்தது சட்டென்று உண்மையாகும். அந்த நேரத்தில்தான் நல்ல வழிகாட்டி ஓர் எச்சரிக்கையைச் சேர்ப்பார். குழி மோசமான செய்தி சொன்னால் நம்பு. நல்ல செய்தி சொன்னால் அதை வைத்துச் சரிவில் இறங்காதே. காரணம் இடவேறுபாடு. பாறைக்கு அருகிலும், மேட்டின் முதுகிலும், காற்று வாரிய இடத்திலும் பலகையின் தடிமன் மாறிக்கொண்டே இருக்கும். ஸ்கீயில் செல்பவரின் அழுத்தம் ஆழம் கூடக் கூட விரைவாகத் தேயும்; ஒரு மீட்டருக்குக் கீழே புதைந்த அடுக்கை அவர் எட்டுவது அரிது. பலகை தடித்த இடத்தில் குழி தோண்டியவருக்கு எல்லாம் உறுதியாகத் தோன்றும். இருபது மீட்டர் தள்ளி, பலகை மெலிந்த இடத்தில் ஒரு திருப்பம் போட்டால் அடுக்கு முறியும்.

ஆகவே ‘இந்தச் சரிவு தாங்குமா?’ என்ற கேள்விக்கு, அறிவியல் முழுதும் கையில் இருந்தாலும், களத்தில் உறுதியான விடை கிடைப்பதில்லை. திறந்தமலைச் சறுக்கின் மையமான உண்மை இது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இங்கே ஆழம் தெரியவே போவதில்லை என்ற நிலையில் என்ன செய்வது?

கேள்வியை மாற்றுதல்

வழிகாட்டிகள் இந்தக் கேள்வியோடு நெடுங்காலமாகவே வாழ்ந்துவந்திருக்கிறார்கள். 1820 ஆகஸ்டு 20 அன்று ரஷ்ய இயற்கையியலாளர் ஜோசப் ஹாமெல் ஒரு குழுவோடு மோன் பிளான் மலையில் ஏறினார். வானிலை கெட்டிருந்ததால் வழிகாட்டிகள் திரும்ப விரும்பியதாகவும், பயணிகள் தொடர வற்புறுத்தியதாகவும் அன்றைய விவரங்கள் சொல்கின்றன. பனி சரிந்து மூன்று வழிகாட்டிகளை ஒரு பிளவுக்குள் தள்ளியது. அடுத்த ஆண்டே, 1821-இல், ஷாமொனியில் வழிகாட்டிகள் தங்களுக்கென ஓர் அமைப்பை ஏற்படுத்தினார்கள்.  

அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கு வழிகாட்டியின் அறிவு பெரும்பாலும் உள்ளுணர்வாகவும் வாய்வழியாகவும் கைமாறியது. 1950–51 குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தில் மட்டும் 98 பேரைப் பனிச்சரிவுகள் பலிகொண்டன. தடுப்பு வேலிகளும், ஆபத்து வரைபடங்களும், முன்னறிவிப்பும் அதன் பிறகு வேகமாக வளர்ந்தன. வைஸ்ஃப்ளூயோக்கில் தொடங்கிய அந்த டாவோஸ் ஆய்வு நிறுவனம் 1945 முதல் பனிச்சரிவு அறிக்கை வெளியிடுகிறது. 1993 முதல் ஐரோப்பிய நாடுகள் ஒரே ஐந்துபடி ஆபத்து அளவுகோலைப் பின்பற்றுகின்றன.

இந்த அளவுகோலைக் களத்தில் பயன்படும் முடிவாக மாற்றியவர் சுவிஸ் மலை வழிகாட்டி வெர்னர் முன்ட்டர். பல ஆண்டுகள் பனிக்குழிகள் தோண்டிச் சோதனைகள் செய்த பிறகு, ஒற்றைச் சரிவின் உறுதியைக் களத்தில் அறிய முடியாது என்ற முடிவுக்கு அவர் வந்தார். காப்பீட்டுக் கணக்கர் தனிமனிதரின் ஆயுளை அறியாமலே மொத்த அபாயத்தை மதிப்பிடுவதுபோல, விபத்துப் பதிவுகளிலிருந்து விதி வகுக்கலாம் என்றார். 1990-களில் பரவிய அவருடைய முறையின் எளிய வடிவம் இது: ஆபத்து படி 2 என்றால் 40 பாகைக்குக் குறைவான சரிவு, படி 3 என்றால் 35-க்குக் குறைவு, படி 4 என்றால் 30-க்குக் குறைவு. பல வழிகாட்டிகள் முதலில் இதை எதிர்த்தார்கள். தங்கள் அனுபவத்தை ஓர் எளிய கணக்கு அவமதிப்பதாக உணர்ந்தார்கள். இன்று ஆல்ப்ஸ் முழுவதும் இந்த அணுகுமுறையின் ஏதாவதொரு வடிவம் கற்பிக்கப்படுகிறது.

முன்ட்டர் செய்தது என்ன என்பதைக் கவனிக்க வேண்டும். விடை கிடைக்காத கேள்வியை விட்டுவிட்டு, விடை கிடைக்கும் கேள்விகளைக் கேட்டார். பனியின் உறுதி தெரியாது. சரிவின் கோணம் தெரியும். பலகைப் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவுகளில் தொடங்குகின்றன. 30-க்குக் கீழே தொடங்குவது அரிது. இந்தக் கோணத்தை வீட்டிலிருந்தே வரைபடத்தில் அளக்கலாம். 1:25,000 அளவு வரைபடத்தில் 20 மீட்டர் உயரக் கோடுகள் இரண்டுக்கு இடையே 1.4 மில்லிமீட்டர் இருந்தால் அது 30 பாகை. அதைவிட நெருக்கமாக இருந்தால் இன்னும் செங்குத்து.

களத்தில் இரண்டு ஸ்கீ கம்புகள் போதும். ஒரு கம்பைச் சரிவின் போக்கில் படுக்கவைத்து, பனியில் அதன் இரு முனைகளையும் குறித்துக்கொள்ளுங்கள். மேல் குறியில் அதன் நுனியை வைத்தபடி கைப்பிடியை உயர்த்துங்கள். அதே நீளமுள்ள இரண்டாவது கம்பை அந்தக் கைப்பிடியிலிருந்து செங்குத்தாகத் தொங்கவிடுங்கள். அதன் நுனி கீழ்க்குறியைச் சரியாகத் தொட்டால் சமபக்க முக்கோணம் கிடைத்துவிட்டது. சரிவு 30 பாகை. குறியைத் தாண்டி 10 சென்டிமீட்டர் கீழே தொட்டால் 33. இன்னும் 10 கீழே போனால் 36. எட்டாம் வகுப்பு வடிவியல் இங்கே உயிர்காக்கும் கருவி.

கோணத்தோடு கேள்விகள் முடிவதில்லை. நான் நிற்கும் இடம் 25 பாகைதான், என் தலைக்கு மேலே என்ன இருக்கிறது? சரிந்தால் கீழே விரிந்த சமவெளியா, பனி குவிந்து ஆழமாகும் குறுகிய ஓடையா, பாறை விளிம்பா? ஒருவர் இறங்கும்போது மற்றவர்கள் எங்கே நின்று பார்ப்பார்கள்? இவை ஒவ்வொன்றுக்கும் கண்ணால் கண்டு விடை சொல்லலாம். வழிகாட்டி மாணவரிடம் திரும்பத் திரும்பக் கேட்பவை இவைதான்.

பத்து நிமிடம்

எல்லாக் கவனத்துக்குப் பிறகும் ஒருவர் புதைந்துவிட்டால்? அதற்கான பயிற்சி எந்தப் பாடத்தைவிடவும் அதிக முறை நடக்கிறது. காரணம் ஒரு வளைகோடு. மார்க்குஸ் ஃபால்க்கும் ஹெர்மான் ப்ரூகரும் சக ஆய்வாளர்களும் 1994-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கணக்கின்படி, முழுதும் புதைந்தவர்களில் 15 நிமிடத்துக்குள் மீட்கப்பட்டால் 92 விழுக்காட்டினர் பிழைத்தார்கள். 35 நிமிடமானால் அது 30 விழுக்காடாகச் சரிந்தது. 2024-இல் வெளிவந்த புதிய சுவிஸ் ஆய்வு அந்த முதல் பாதுகாப்பான இடைவெளியை 10 நிமிடமாகச் சுருக்கியது. சரிந்து நின்ற பனியில் பாதிக்கு மேல் காற்றுதான். ஆனால் மூச்சின் வெப்பம் முகத்தைச் சுற்றியுள்ள பனியை உருக்கி மீண்டும் உறையவைக்க, காற்றுப் புகாத பனிமுகமூடி உருவாகிறது. கரியமில வாயு சேர்கிறது. பெரும்பாலோர் மூச்சுத்திணறியே இறக்கிறார்கள்.

மூச்சுவிடக் காற்றுள்ள இடம் இருந்தால் வளைகோட்டின் வால் நீளும். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் பத்து வீரர்கள் புதையுண்டதைத் தமிழ்நாடு மறந்திருக்காது. அவர்களில் நம் மாவட்டங்களைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். ஆறு நாட்களுக்குப் பிறகு ஒருவர் உயிரோடு மீட்கப்பட்டதற்குத் தங்குமிடத்துக்குள் அகப்பட்டிருந்த காற்றே காரணமாகச் சொல்லப்பட்டது. அவரும் சில நாட்களில் காலமானார்.

வெளியிலிருந்து மீட்புக்குழு பத்து நிமிடத்தில் வர முடியாது. கூட நிற்பவர்தான் மீட்புக்குழு. ஒவ்வொருவர் உடலிலும் பீக்கன் எனப்படும் தேடுகருவி இருக்கும். 1968-இல் அமெரிக்காவின் பஃபலோவில் ஜான் லாட்டன் உருவாக்கிய கருவியின் வாரிசு அது. உலகெங்கும் இன்று அது 457 கிலோஹெர்ட்ஸில் துடிக்கிறது. அந்த அலைநீளம் சுமார் 656 மீட்டர். தேடல் நடப்பதோ சில பத்து மீட்டருக்குள். அதனால் கருவி உண்மையில் உணர்வது, வானொலிபோலப் பரவும் அலையை அல்ல, புதைந்தவரின் கருவியைச் சுற்றி வளைந்து கிடக்கும் காந்தப்புலத்தை. அதன் கோடுகள் வளைந்தவை ஆதலால் தேடுபவரும் வளைந்தே நெருங்குகிறார். அம்புக்குறி நேர்வழி காட்டவில்லை என்று புதியவர் பதறக்கூடாது. தூரம் பாதியானால் புலம் எட்டு மடங்கு வலுக்கும்; ஆகவே நெருங்க நெருங்க வேகத்தைக் குறைத்து, கருவியைப் பனியோடு ஒட்டிப் பிடித்து, திரையில் மிகச் சிறிய தூர எண் வரும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு துழாவுகோலை 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுருள்வட்டமாகக் குத்திப் பார்க்க வேண்டும்.

நேரத்தை அதிகம் விழுங்குவது தோண்டுதல். சரிந்து நின்ற பனி இறுகிவிடும். ஒரு கன மீட்டரின் எடை பல நூறு கிலோ இருக்கும். மேலிருந்து நேராகத் தோண்டினால் புதைந்தவரின் மூச்சிடத்தையே மிதித்துவிடுவோம். துழாவுகோலுக்குச் சரிவின் கீழ்ப்பக்கம் தொடங்கி, V வடிவில் ஆட்கள் நின்று, பனியைப் பின்னால் இருப்பவரிடம் தள்ளிக்கொண்டே முன்னேற வேண்டும். முன்னால் இருப்பவர் அடிக்கடி இடம் மாற வேண்டும். புதைவதைத் தவிர்க்கக் காற்றுப்பை பொருத்திய முதுகுப்பையும் உதவும். ஓடும் துகள்களிடையே பெரியவை மேலே வரும் என்ற விதியால், விரிந்த பை ஒருவரை மேற்பரப்புக்கருகே வைத்திருக்கும். 2014-இல் பாஸ்கல் ஹேகெலியின் குழு வெளியிட்ட ஆய்வின்படி, கடுமையாகச் சிக்கியவர்களில் இறப்பு 22 விழுக்காட்டிலிருந்து 11 ஆகக் குறைந்தது. பாதியாவது பெரிய காரியம். பூஜ்யம் ஆகவில்லை என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

இந்த மீட்புப் பயிற்சியில் மட்டும்தான் மலை வாழ்வில் தெளிவான பின்னூட்டம் கிடைக்கிறது. பனியில் ஒரு பையைப் புதைத்துவைத்து, நிறுத்துகடிகாரத்தை ஓடவிட்டால், தவறு உடனே தெரியும். அதனால்தான் இந்தத் திறன் பயிற்சியால் உண்மையாகவே மேம்படுகிறது.

மனம் போடும் கணக்கு

இயான் மெக்காமன் அமெரிக்காவில் நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை ஆராய்ந்து 2004-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பலவற்றில் ஆபத்தின் அறிகுறிகள் கண்முன்னே இருந்தன. அறியாமை சிக்கியவர்களை வீழ்த்தவில்லை; அன்றாட வாழ்வில் நன்றாகவே உதவும் மனக் குறுக்குவழிகள் வீழ்த்தின. பழகிய சரிவு என்ற நிம்மதி. மற்றவர் முன் மதிப்புப் பெறும் ஆசை. உச்சியை அடைந்தே தீருவது என்ற பிடிவாதம். ‘அவருக்குத் தெரியும்’ என்று ஒருவர் மேல் பாரத்தைப் போடுதல். யாரும் தொடாத பனியை முதலில் தொடும் போட்டி. மற்றவர்கள் இறங்குகிறார்கள் என்ற துணிச்சல். பழகிய சரிவில் பயிற்சி பெற்றவர்களும் அதிக ஆபத்துக்குத் தங்களை உட்படுத்தியிருந்தார்கள் என்பது அவர் கண்ட முக்கியமான உண்மை.

இந்தப் பட்டியலின் நான்காவது பொறி வழிகாட்டியோடு செல்பவர்களுக்கென்றே வைத்தது. நிபுணர் முன்னால் போகிறார் என்றதும் மாணவரின் கண்கள் ஓய்வெடுக்கத் தொடங்கும். 1965 முதல் பன்னாட்டுக் கூட்டமைப்பாக இயங்கும் மலை வழிகாட்டிகளின் பயிற்சி பல ஆண்டுகள் நீள்வது. அந்தத் தகுதி மதிப்புக்குரியது. பனிப்பலகைக்கு அந்தச் சான்றிதழ் தெரியாது. தேர்ந்த வழிகாட்டிகளும் பனிச்சரிவுகளில் இறந்திருக்கிறார்கள். ஆகையால் கற்பிக்கத் தெரிந்த வழிகாட்டி, முடிவைத் தான் சொல்வதற்கு முன் ஒவ்வொருவரையும் சொல்லவைப்பார். புதியவர் முதலில், மூத்தவர் கடைசியில்; மூத்தவர் வாய் திறந்துவிட்டால் மற்றவர்களின் ஐயம் தொண்டையிலேயே நின்றுவிடும். ஒரே ஒருவர் ‘வேண்டாம்’ என்றாலும் குழு இறங்குவதில்லை. அவரிடம் விளக்கம் கேட்டு வளைப்பதும் இல்லை.

படி 3-ஐப் பற்றிய ஒரு தகவல் இந்த ஒழுங்கின் தேவையைக் காட்டுகிறது. சுவிட்சர்லாந்தில் பனிச்சரிவு இறப்புகளில் சுமார் பாதி, ஆபத்து அதிகபட்சமாக இருக்கும் படி 4, 5 நாட்களில் நிகழ்வதில்லை. நடுவிலுள்ள படி 3-இல் நிகழ்கிறது. படி 4-இல் மக்கள் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். படி 3-இல் வானம் தெளிந்திருக்கும், பனி அருமையாக இருக்கும், தூண்டினால் முறியும் அடுக்கும் இருக்கும். ஐந்தில் மூன்று என்ற எண் சராசரிபோல மனத்தை ஏமாற்றுகிறது. உண்மையில் ஒவ்வொரு படியிலும் ஆபத்து பன்மடங்கு ஏறுகிறது.

மாலையில் குடிசைக்குத் திரும்பியதும் வழிகாட்டி நடத்தும் உரையாடலே இந்தக் கல்வியின் உச்சம் என்று நினைக்கிறேன். அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதைக் கணக்கில் சேர்க்காமல் பேசச் சொல்வார். காலையில் நாம் எதிர்பார்த்த பனி எது, கண்ட பனி எது? எந்த இடத்தில் முடிவெடுக்கத் தவறி, கால் போன போக்கில் போனோம்? எந்தச் சரிவில், இறங்கியவர் விழுந்திருந்தால் பார்க்க ஆளில்லாமல் இருந்தது? விளைவை வைத்து மதிப்பிடாமல் முடிவு எடுத்த விதத்தை மதிப்பிடும் பழக்கம் இது. மலை தர மறுத்த பின்னூட்டத்தை மனிதர்கள் ஒருவருக்கொருவர் தயாரித்துக்கொள்ளும் ஏற்பாடு.

மருத்துவம், விமானப் போக்குவரத்து, அணுமின் நிலையம் என்று நல்ல விளைவுகள் மோசமான முடிவுகளை மறைத்துவிடக்கூடிய துறைகள் எல்லாவற்றுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். பனிச்சரிவில் அது அதன் மிகத் தெளிவான வடிவில் நிற்கிறது. வழிகாட்டியிடம் ஒரு குளிர்காலம் பயின்றவர் எல்லாச் சரிவையும் கணித்துவிடும் ஆற்றலோடு வெளியே வருவதில்லை. எந்தக் கேள்விக்குத் தன்னிடம் விடை இல்லை என்று தெரிந்துகொண்டு வருகிறார். விடையில்லாத நாளில், மேலே செங்குத்தான பனி ஏதும் தொங்காத, 30 பாகைக்குக் குறைந்த சரிவுகள் மலையில் ஏராளம்; அங்கே முழங்கால் ஆழப் புதுப்பனியில் நாள் முழுக்க இறங்கலாம். அந்தச் சரிவுகளில் கிடைக்கும் மகிழ்ச்சிக்கு அதிர்ஷ்டத்தின் தயவு மிகக் குறைவாகவே தேவைப்படும்.